எல்.கே.ஜி. பிள்ளையின் விரலை மடக்கச் சொல்லும் தாளாளருக்கு ஒரு திறந்த மடல்

தாளாளர் அவர்களுக்கு,

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று என் பேத்தியின் டைரியில் ஒட்டி அனுப்பியிருந்த சுற்றறிக்கையைப் படித்தேன். எல்.கே.ஜி. பிள்ளைகள் இனி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒன்றிலிருந்து நூறு வரை பார்க்காமல் எழுத வேண்டும் என்கிறது அது. கூட்டல் கணக்கை விரல்விட்டு எண்ணிச் செய்யக் கூடாது, அந்தப் பழக்கத்தைப் பெற்றோர் வீட்டிலேயே நிறுத்திவிட வேண்டும் என்கிறது. அரையாண்டுக்குள் நூறு வரை எழுத வராதவர்கள் யு.கே.ஜி.யில் தனிப் பிரிவில் உட்கார வேண்டுமாம். கூடவே வந்த மதிப்பீட்டு அட்டையில் என் பேத்திக்கு ‘நம்பர்ஸ் – வீக், மெமரி – புவர்’ என்று எழுதியிருக்கிறது. அவளுக்கு வயது நான்கு.

நேரில் பேசத்தான் முதலில் வந்தேன். ‘மேனேஜ்மென்ட் முடிவும்மா, மாத்த முடியாது’ என்று அலுவலகத்தில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். பக்கத்துப் பள்ளிகளிலும் இதே மாதிரி அறிக்கை போவதாக மற்றப் பெற்றோர் சொல்கிறார்கள். அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். நான் ஓய்வுபெற்ற அரசுத் தொடக்கப்பள்ளி ஆசிரியை. பணிக்காலத்தில் பெரும்பகுதி ஒன்றாம் வகுப்பு. கடைசிச் சில ஆண்டுகள் வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநர். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் எண்ணப் பழகுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் என்ற உரிமையில் பேசுகிறேன்.

அட்டையைப் பார்த்த பிறகு பேத்தியின் முன்னால் ஒரு கிண்ணம் புளியங்கொட்டையை வைத்தேன். எண்ணச் சொன்னால் ‘ஒன், டூ, த்ரீ’ என்று நாற்பது வரை ஒரே மூச்சில் ஓடுகிறாள். நடுவில் ஃபிஃப்டீன் மட்டும் காணாமல் போகும். ‘பாட்டிக்கு மூணு குடு’ என்றேன். மூன்றே மூன்று எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். ‘இப்ப ஆறு குடு’ என்றேன். இரண்டு கையாலும் அள்ளிக் கொட்டினாள். எண்ணிப் பார்க்கச் சொன்னால் வாய் ஒரு வேகத்தில், விரல் ஒரு வேகத்தில் போய் ‘லெவன்’ என்று முடித்தாள். ‘அப்ப மொத்தம் எத்தனை இருக்கு?’ என்றேன். பதில் சொல்லாமல் மறுபடி ‘ஒன், டூ’ என்று ஆரம்பித்தாள்.

பக்கத்து வீட்டுப் பையன் அவள் வயதுதான். அங்கன்வாடிக்குப் போகிறான். பன்னிரண்டுக்கு மேல் அவனுக்குச் சொல்ல வராது. பென்சில் பிடித்து ஓர் எண்கூட எழுத மாட்டான். அவன் அம்மா இட்லிக் கடை வைத்திருக்கிறார், பார்சல் கட்டும்போது இவனும் கூடவே நிற்பான். ஆறு புளியங்கொட்டை கேட்டேன். ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, ஆறில் நிறுத்தி, ‘போதுமா, இன்னொண்ணு வேணுமா?’ என்று கேட்டான். உங்கள் வெள்ளிக்கிழமைத் தேர்வில் அவனுக்குப் பூஜ்யம். எண் என்றால் என்ன என்பது இந்த இருவரில் யாருக்குப் பிடிபட்டிருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

என் பேத்திக்கும் கோளாறு ஒன்றும் இல்லை. அவள் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறாள். இத்தனை எடுத்துக் கொடு என்று கேட்டுப் பார்க்கும் இந்தச் சோதனையை 1990 வாக்கில் கேரன் வின் என்ற உளவியலாளர் குழந்தைகளிடம் முறையாகச் செய்து பார்த்தார். பிள்ளைக்கு முதலில் ஒன்று என்பதன் பொருள் மட்டும் தெரிகிறது. சில மாதம் கழித்து இரண்டு, மேலும் சில மாதம் கழித்து மூன்று. அதற்கப்புறம் ஒரு கட்டத்தில், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தத்தின் அளவு என்பது பிடிபட்டுவிடும். பல பிள்ளைகளுக்கு இது மூன்றரை, நான்கு வயதில் வரும். சிலருக்கு இன்னும் தள்ளி வரும். 1978இலேயே ரோஷல் கெல்மன், காலிஸ்டல் இருவரும் எண்ணுதலுக்கு அடிப்படையான விதிகளைப் பிரித்துக் காட்டினார்கள். ஒரு பொருளுக்கு ஒரே எண். எண்களின் வரிசை மாறக் கூடாது. கடைசி எண்ணே மொத்தம். எந்தப் பொருளையும் எண்ணலாம். எங்கிருந்து தொடங்கினாலும் விடை ஒன்றே. இந்த ஐந்தில் உங்கள் தேர்வு பார்ப்பது வரிசையை மட்டும்தான்.

எண்ணைப் பள்ளிதான் முதன்முதலில் குழந்தைக்குள் போடுகிறது என்ற எண்ணம் உங்கள் அறிக்கை முழுக்கத் தெரிகிறது. நிலவரம் வேறு. 1992இல் அதே கேரன் வின் ஐந்து மாதக் குழந்தைகளுக்கு ஒரு பொம்மையைக் காட்டி, அதைத் திரையால் மறைத்து, குழந்தை பார்க்கும்படியே இன்னொரு பொம்மையைத் திரைக்குப் பின்னால் வைத்தார். திரையை இறக்கும்போது இரண்டு பொம்மை இருந்தால் குழந்தைகள் சற்று நேரம் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டன. ஒன்றே ஒன்று இருந்தால், கணக்கு உதைக்கிறதே என்பதுபோல் அதிக நேரம் உற்றுப் பார்த்தன. ஆறு மாதக் குழந்தை எட்டுப் புள்ளியையும் பதினாறு புள்ளியையும் வேறுபடுத்துகிறது, எட்டையும் பன்னிரண்டையும் வேறுபடுத்த முடிவதில்லை என்று ஃபே ஷூ, எலிசபெத் ஸ்பெல்கி இருவரும் 2000இல் காட்டினார்கள். ஒன்பது, பத்து மாதம் ஆனால் அந்த எட்டும் பன்னிரண்டும்கூடத் தெரிய ஆரம்பிக்கிறது. பேச்சு வருவதற்கு முன்பே அளவு வந்துவிடுகிறது. ஆனால் அது தோராயமான அளவு. சின்ன எண்களில் மூன்று வரைக்கும் துல்லியம் உண்டு, அதற்கு மேல் மங்கல். அந்த மங்கலை எண்ணின் பெயரோடு பொருத்தித் தெளிவாக்குவதுதான் மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரை நடக்கும் வேலை. பொருளைத் தொட்டு, நகர்த்தி, பங்குபோட்டு, ‘உனக்கு ரெண்டு, எனக்கு ரெண்டு’ என்று சண்டை போட்டுத்தான் அது நடக்கும். நூறு கட்டம் போட்ட நோட்டில் நடக்காது.

இனி விரல் விஷயத்துக்கு வருகிறேன். என்னைக் கடிதம் எழுத வைத்ததே இதுதான்.

நாலும் மூணும் எத்தனை என்று கேட்டால் பிள்ளை நான்கு விரலை நீட்டி வைக்கிறது. அந்த நான்கை இனி மனதில் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை, கையில் இருக்கிறது. மனம் மூன்றைக் கவனித்தால் போதும். நான்கு வயதில் ஒருமுறை கேட்டு அப்படியே திருப்பிச் சொல்ல முடிவது மூன்று, நான்கு இலக்கங்கள்தான். பெரியவர்களுக்கு ஏழு வாக்கில். இவ்வளவு சின்ன இடத்தை வைத்துக்கொண்டு கணக்குப் போடும் பிள்ளைக்கு விரல் என்பது கூடுதல் இடம். அதைப் பிடுங்கினால் கணக்கு மனதுக்குள் போய்விடும் என்று நினைக்கிறீர்கள். போகாது, ஒளிந்துகொள்ளும். விரலை மடக்கச் சொன்ன வகுப்புகளில் பிள்ளைகள் பெஞ்சுக்கு அடியில் தொடையில் தட்டி எண்ணுவார்கள். ஷூவுக்குள் கால்விரலை அசைப்பார்கள். நாக்கால் பல்லை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிய ஒரு பெண்பிள்ளையை நானே பார்த்திருக்கிறேன். உதடு அசையாமல் இருக்க அவ்வளவு கஷ்டப்பட்டாள். கணக்குப் போடத் தெரிந்த பிள்ளைக்குத் திருட்டுத்தனத்தையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தோம், அவ்வளவுதான்.

சுவிட்சர்லாந்தின் லொசான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2024இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள் முந்நூறு பேருக்கு மேல். அவர்களில் விரல் பயன்படுத்தாமல் கூட்டிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு விரல்விட்டு எண்ணச் சொல்லிக்கொடுத்தார்கள். அவர்களுடைய சரியான விடைகள் 37 விழுக்காட்டிலிருந்து 77 விழுக்காட்டுக்கு ஏறின. நீங்கள் நிறுத்தச் சொல்வதை அவர்கள் சொல்லிக்கொடுத்துப் பலன் கண்டிருக்கிறார்கள். விரலைப் பிடித்த பிள்ளை கடைசிவரை விடாது என்ற பயமும் வேண்டாம். என் அனுபவத்தில் இரண்டாம் வகுப்பு முடிவதற்குள் ஐந்தும் மூன்றும் எட்டு என்பது வாயில் தானாக வரத் தொடங்கும்; கை தானாக இறங்கிவிடும்.

சரி, விரல்விட்டு எண்ணுவது மந்தப் பிள்ளைகளின் அடையாளம் என்றே வைத்துக்கொள்வோம். உங்கள் பள்ளியிலேயே பாட்டு வகுப்பு நடக்கிறது. அங்கே ஆதி தாளம் போடும் பிள்ளை தொடையில் ஒரு தட்டு தட்டி, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல் என்று எண்ணி, பிறகு தட்டு வீச்சு தட்டு வீச்சு என்று எட்டை முடிக்கிறது. மேடையில் கச்சேரி செய்கிற வித்வான்களும் அதே விரலால்தான் எண்ணுகிறார்கள். அவர்களையும் தனிப் பிரிவில் உட்கார வைப்பீர்களா?

‘மெமரி – புவர்’ என்று எழுதியது எதை வைத்து என்று தெரியவில்லை. 13 எழுதச் சொன்னால் 31 எழுதுகிறாள் என்று வகுப்பு மிஸ் என் மருமகளிடம் சொன்னாராம். ‘தர்ட்டீன்’ என்று காதில் விழும்போது மூன்றின் சத்தம்தான் முதலில் வருகிறது. பிள்ளை கேட்டபடி மூன்றை முதலில் எழுதுகிறது. வீட்டில் பதிமூணு என்று சொன்னபோது ஒன்றைத்தான் முதலில் போட்டாள். அப்புறம், 3ஐத் திருப்பிப் போட்டதற்குச் சிவப்பு மையில் வட்டம். இந்த வயதில் இடவலம் மாற்றி எழுதுவது சாதாரணம். ஆறு, ஏழு வயதுவரைகூட இருக்கும், ஞாபகத்தோடு அதற்குச் சம்பந்தம் இல்லை.

இதே பிள்ளை சித்திரையில் எங்கள் அம்மன் கோயில் திருவிழாவில் நடந்ததை இன்றைக்கும் சொல்கிறாள். ராட்டினம் எந்தப் பக்கம் இருந்தது, தாத்தா எந்த இடத்தில் செருப்பைத் தேடினார், எல்லாம். ‘மாமா ரெண்டு பலூன் வாங்கிக் குடுத்தாங்க, ஒண்ணு பறந்து போயிடுச்சு, ஒண்ணுதான் வீட்டுக்கு வந்துச்சு’ என்கிறாள். ஆறு மாதத்துக்கு முந்தைய கழித்தல் கணக்கு அது. அதை அவளுக்கு யாரும் மனப்பாடம் செய்ய வைக்கவில்லை. அவளுக்கு நடந்தது, அதைப் பற்றி வீட்டில் பலமுறை பேசினோம், அதனால் நிற்கிறது. பெரியவர்கள் கேள்வி கேட்டு, ‘அப்புறம் என்ன ஆச்சு?’ என்று கூடவே பேசிய நிகழ்ச்சிகள்தான் பிள்ளைகளிடம் நன்றாகத் தங்குகின்றன என்பதை நினைவாற்றல் ஆய்வுகளும் திரும்பத் திரும்பச் சொல்கின்றன.

குழந்தையின் நினைவைப் பற்றி அதிகம் நமக்குச் சொன்னவர்களில் ஒருவர் அமெரிக்காவின் கரோலின் ரோவி-கோலியர். தொட்டிலுக்கு மேலே தொங்கும் பொம்மையை ஒரு ரிப்பனால் குழந்தையின் காலோடு கட்டினார். காலை உதைத்தால் பொம்மை ஆடும். இதைக் கற்றுக்கொண்ட மூன்று மாதக் குழந்தை ஏறக்குறைய ஒரு வாரம் வரை நினைவு வைத்திருந்தது, ஆறு மாதக் குழந்தை இரண்டு வாரம். அதற்கு மேல் மறந்துவிட்டது என்று தோன்றினாலும், சோதனைக்கு முன்தினம் பொம்மை ஆடுவதைச் சற்று நேரம் காட்டினால் நினைவு திரும்பி வந்தது. இன்னொன்றையும் அவர் கண்டார். தொட்டிலைச் சுற்றிக் கட்டிய துணியை மாற்றிவிட்டால், கற்றுக்கொண்ட குழந்தையும் எதுவும் தெரியாததுபோல் கிடந்தது. பொம்மை அதேதான், கால் அதேதான்; சூழல் மாறியதும் நினைவு எழவில்லை. நான்கு வயதுக்குள் நினைவு எவ்வளவோ வளர்ந்துவிடும், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் திண்ணையில் இருபது வரை எண்ணுகிற பிள்ளை, நாற்பது பேர் நடுவே, கடிகாரம் பார்த்து நிற்கும் மிஸ் முன்னால் பன்னிரண்டில் திகைத்து நின்றால், அதற்கு ‘புவர்’ என்று பெயர் வைக்க யாருக்கும் உரிமை இல்லை. பெரியவர்களைக் கேட்டால் அவர்களுடைய முதல் நினைவு சராசரியாக மூன்று, மூன்றரை வயதில் தொடங்குகிறது என்கிறார்கள். அழியாமல் தங்கப்போகிற நினைவுகள் சேரத் தொடங்கும் வயதில்தான் வெள்ளிக்கிழமைத் தேர்வைக் கொண்டுவந்து வைக்கிறீர்கள்.

மாற்றாக என்ன செய்வது என்று கேட்பீர்கள். செலவே இல்லாத வழி இருக்கிறது. பல்லாங்குழியை எடுத்து வையுங்கள். ஒரு குழிக்கு ஒரு காய் என்று போட்டுக்கொண்டே போகும் பிள்ளை, ஒரு பொருளுக்கு ஓர் எண் என்ற விதியைக் கையால் கற்கிறது. ஒரு குழியில் நான்கு காய் சேர்ந்தவுடன் ‘பசு’ என்று கத்தி எடுக்கிறதே, அங்கே யாரும் எண்ணுவதில்லை. நான்கைக் கண்ணாலேயே பிடிக்கிறார்கள். அஞ்சாங்கல் ஆட்டத்தில் ஒரு கல்லை மேலே போட்டுவிட்டுக் கீழே கிடக்கும் நான்கையும் முதலில் ஒவ்வொன்றாக, அடுத்து இரண்டிரண்டாக, பிறகு மூன்றும் ஒன்றுமாக, கடைசியில் நான்கையும் சேர்த்து அள்ள வேண்டும். நான்கை எப்படியெல்லாம் பிரிக்கலாம் என்பது அதில் வந்துவிடுகிறது. நான்கு வயதில் கல்லைப் பிடிக்க வராது. தரையில் வைத்தே பிரித்து விளையாடட்டும். கீதா ரமணி, ராபர்ட் சீக்லர் இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், வறுமையான குடும்பங்களின் மழலையர் வகுப்புப் பிள்ளைகள் ஒன்று முதல் பத்து வரை எண் எழுதிய கட்டங்களில் காய் நகர்த்தி விளையாடினார்கள். பதினைந்து நிமிட ஆட்டம் நான்கு முறை, இரண்டே வாரத்தில். எண்களின் அளவை ஒப்பிடுவதில் அவர்கள் தெளிவாக முன்னேறினார்கள். ஒன்பது வாரம் கழித்துப் பார்த்தபோதும் அந்தத் தெளிவு இருந்தது. எண்ணுக்குப் பதில் நிறம் பூசிய கட்டத்தில் விளையாடியவர்களுக்கு அந்த முன்னேற்றம் இல்லை. நம் வீட்டுப் பரமபதத்தில் எண்ணைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே காய் நகர்த்தினால் அதுவும் இந்த வேலையைத்தான் செய்யும்.

‘பெற்றோர்தான் கேட்கிறார்கள்’ என்பது உங்கள் பதிலாக இருக்கும். அதில் உண்மை இல்லாமல் இல்லை. எதிர்ப் பள்ளியில் இருநூறு வரை எழுதுகிறார்கள் என்று வாட்ஸ்அப் குழுவில் படம் போடுகிற பெற்றோரை எனக்கும் தெரியும். என் மகனே அப்படித்தான் பேசினான். ஆனால் பெற்றோர் கேட்கிறார்கள் என்பதற்காக மருத்துவர் மாத்திரையைக் கூட்டி எழுதித் தர மாட்டார்.

இது என் தனிப்பட்ட கருத்தும் இல்லை. மழலையர் வகுப்புச் சேர்க்கைக்குத் தேர்வும் நேர்காணலும் வைப்பதை ஒழிக்க வேண்டும், எழுத்தையும் எண்ணையும் திணிக்கும் வன்முறையை நிறுத்த வேண்டும் என்று பள்ளிப் பிள்ளைகளின் படிப்புச் சுமையை ஆராய மத்திய அரசு அமைத்த யஷ்பால் குழு சொன்னது 1993இல். சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் 1, 2ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018இல் உத்தரவிட்டது. ஒன்றாம் வகுப்புக்கே கூடாதென்றால் எல்.கே.ஜி.க்கு? மத்திய அரசின் கல்விக் கொள்கையோடு எனக்கு ஆயிரம் சண்டை உண்டு. ஆனாலும் 2022இல் வந்த அடித்தள நிலைக் கலைத்திட்டம், 3 முதல் 6 வயது வரை பாடநூலும் வேண்டாம், தேர்வும் வேண்டாம் என்பதில் தெளிவாகவே இருக்கிறது. நம் மாநிலத்தில் அதே ஆண்டு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில், அரசுப் பள்ளிகளின் முதல் மூன்று வகுப்புகளுக்கே பாட்டும் பொம்மையும் செயல்பாடும்தான் வழி. கட்டணம் வாங்காத பள்ளியில் ஏழு வயதுப் பிள்ளை விளையாடிக் கற்கிறது. கட்டணம் கட்டி அனுப்பிய எங்கள் நான்கு வயதுப் பிள்ளைகள் நூறு வரை எழுதிக் கை வலிக்கிறது என்கிறார்கள்.

வகுப்பு மிஸ்மீது எனக்குக் குறை இல்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். இளம் பெண், நாற்பது பிள்ளைகளை ஓர் ஆயாவின் துணையோடு பார்த்துக்கொள்கிறார். அறிக்கையில் கையெழுத்து அவருடையது இல்லை. இந்தக் கடிதத்தை வைத்து அவரிடம் யாரும் விளக்கம் கேட்கக் கூடாது.

உங்களிடம் நான் கேட்பவை இவை.

வெள்ளிக்கிழமை எழுத்துத் தேர்வை எல்.கே.ஜி.க்கு உடனே நிறுத்துங்கள், யு.கே.ஜி.க்கும் அதைக் கொண்டுபோகாதீர்கள். விரல்விட்டு எண்ணக் கூடாது என்ற வரியைத் திரும்பப் பெற்று, எண்ணலாம் என்று டைரியில் எழுத்துமூலம் அனுப்புங்கள். வாய்மொழியாகச் சொன்னால் போதாது, ஏனென்றால் பல வீடுகளில் அப்பாக்கள் அந்த அறிக்கையைக் காட்டிப் பிள்ளையின் கையைத் தட்டிவிடுகிறார்கள். தனிப் பிரிவு என்ற பேச்சையே விட்டுவிடுங்கள். மதிப்பீட்டு அட்டையிலிருந்து ‘மெமரி’ என்ற கட்டத்தை எடுத்துவிடுங்கள். நான்கு வயதுப் பிள்ளையின் ஞாபகசக்தியை அளக்கும் பயிற்சி உங்களிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. எண்ணைப் பற்றி எழுதித்தான் ஆக வேண்டுமென்றால், பிள்ளை எத்தனை வரை கேட்டதை எடுத்துக் கொடுக்கிறது, எதை வைத்து எண்ணுகிறது என்று மிஸ் தான் பார்த்ததை இரண்டு வரியில் எழுதட்டும். வீட்டில் தமிழில் எண்ணும் பிள்ளை வகுப்பிலும் தமிழில் எண்ணினால் தடுக்காதீர்கள்.

தினமும் அரைமணி நேரம் புளியங்கொட்டை, சோழி, மணி, பல்லாங்குழி, கட்ட விளையாட்டு இவற்றுக்கு ஒதுக்குங்கள். மிஸ்களுக்குப் பயிற்சி வேண்டுமென்றால் நான் ஒரு பைசா வாங்காமல் வந்து சொல்லித்தரத் தயார். என்னோடு வேலை பார்த்து ஓய்வுபெற்ற இரண்டு ஆசிரியைகளும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அரையாண்டுத் தேர்வுக்கு முன் பெற்றோர் கூட்டம் ஒன்று கூட்டி, இந்தச் சுற்றறிக்கையை எதன் அடிப்படையில் கொண்டுவந்தீர்கள் என்பதை எங்கள் முன் விளக்குங்கள். கூட்டத் தேதியை டைரியில் எழுதி அனுப்புங்கள். அதுவரை என் பேத்தி வெள்ளிக்கிழமை பள்ளிக்கு வருவாள், ஆனால் அந்தத் தேர்வை எழுத மாட்டாள்.

இப்படிக்கு,
எல்.கே.ஜி. மாணவி ஒருத்தியின் பாட்டி,
ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை